பனியும் பாலகரும்

மூன்று நான்கு வயதுக் குழந்தையை, ஏரி உறைந்து தரையாகிக் கிடக்கும் மாதங்களில், காட்டுவழியே நடத்தி அழைத்துச் செல்வது பெற்றோர் செய்யத் தகாத காரியம் என்னும் அபிப்பிராயம், கற்றவர் கல்லாதவர் என்ற பேதமின்றிப் பலருடைய மனத்தில் வேரூன்றிப் போயிருக்கிறது. நார்வேயிலும் கனடாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் அது ஏறக்குறைய சாஸ்திர வாக்கியத்தின் அந்தஸ்தையே பெற்றுவிட்டது. "பச்சைப் பிள்ளையைப் பனிக்குள்ளை கொண்டு திரியிறியே, உனக்கென்ன விசரா?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்கும் அம்மம்மாவை விட்டுவிடுவோம்; அவருடைய கவலை அன்பின் கவலை, அதனோடு வாதாடுவது அழகன்று. என் வழக்கு வேறொரு கூட்டத்தாரோடு. வெப்பமானியைப் பார்த்து, சைபருக்குக் கீழே இத்தனை டிகிரி என்று கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, அதுவே விவேகம் என்று அயலாருக்கும் உபதேசம் செய்கிறார்களே, அந்தப் படித்தவர்களோடுதான் நான் வாதாட விரும்புகிறேன்.

அவர்கள் சொல்லும் காரணங்களைத் திரட்டிப் பார்த்தால் மூன்றுதான் தேறும். குளிரில் போனால் நோய் வரும் என்பது ஒன்று. சிறிய சரீரம் அந்தக் குளிரைத் தாங்காது என்பது மற்றொன்று. தாங்கினாலும் அது குழந்தையின் ஆசையன்று, பெற்றோரின் வீம்பு என்பது மூன்றாவது. இவற்றை ஒரே எடையாகக் கருத எனக்கு மனமில்லை. முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது மெய்தான், ஆனால் அந்த மெய்யிலிருந்து பிறழ்ந்த முடிவுக்குப் போகிறார்கள். மூன்றாவது சில வீடுகளில் மெய்யாகவும் சில வீடுகளில் அவதூறாகவும் இருக்கக் கூடியது; அதைக் கடைசியில் கவனிப்போம்.

குளிர்தான் சளியை உண்டாக்குகிறது என்பது உண்மையானால், குளிர் மிகுந்த இடத்தில் சளியும் மிகுந்திருக்க வேண்டும். அதைச் சோதிப்பதற்கு வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைவிடத் தகுந்த இடம் கிடையாது. அங்கே லாங்இயர்பியன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், சுமார் 500 பேர் கொண்ட ஜனசமூகத்தில், 1930-31ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சளிநோயின் போக்கைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். இலையுதிர்காலத்தின் கடைசிக் கப்பல் புறப்பட்டுப்போய், கடல் உறைந்து வழி அடைபட்ட பின்னர், மாதக்கணக்காகச் சூரியனே தலைகாட்டாத அந்தக் கொடுங்குளிரில், ஊரில் இருந்த சளி சிறிது சிறிதாகக் குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 1931 மே மாதத்தில், வெயில் திரும்பிக் குளிரும் தணிந்திருந்த வேளையில், முதற்கப்பல் கரை தொட்டது. சில நாள்களுக்குள் ஊரெங்கும் தும்மல். கப்பலில் வந்திறங்கியவை சரக்கும் மனிதரும் மட்டுமல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி நகருக்கு அருகே 1946இல் தொடங்கிய ஜலதோஷ ஆராய்ச்சி நிலையத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாமாக முன்வந்தவர்களை வெந்நீரில் குளிக்கச் செய்து, உடம்பைத் துவட்டவிடாமல், காற்று அடிக்கும் நடையில் நிற்கவைத்து, ஈரக் காலுறையோடு உலவவும் விட்டுப் பார்த்தார்கள். நம் பாட்டிமார்கள் பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆயினும் வைரஸ் இல்லாதவனுக்கு வெறுங்குளிர் சளியைக் கொடுத்துவிடவில்லை. எதிர்க்கட்சிக்குச் சாதகமான சாட்சி ஒன்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது: 2005இல் வெளியான கார்டிஃப் பல்கலைக்கழகச் சோதனையில், 20 நிமிஷம் குளிர்நீரில் பாதங்களை வைத்திருந்தவர்களுள் அடுத்த சில நாள்களில் சளிக் குறி கண்டவர்களின் தொகை, அவ்வாறு வைக்காதவர்களுடையதைவிட அதிகமாகவே இருந்தது. மூக்கினுள் முன்பே குடிபுகுந்து அடங்கிக் கிடக்கும் வைரஸைக் குளிர் கிளப்பிவிடக்கூடும் என்பது அவர்களுடைய ஊகம். இருக்கட்டும். அந்தச் சோதனை எதைத் தவிர்க்கச் சொல்கிறது? நனைந்த காலைத்தானே தவிர, நடக்கும் காலையன்று.

ஆனால் கதவைச் சாத்தியவர்கள் எதைத் தேடிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை இறுக மூடி, மின்கணப்பால் உலர்ந்துபோன அறையில், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டு, விருந்து என்றும் பிறந்தநாள் என்றும் ஒரே கூடத்தில் இருபது குழந்தைகளைச் சேர்த்துவைத்து, அவர்கள் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்ட சளிக்குப் பழியை மட்டும் வெளியே நிற்கும் பனியின் மேல் போடுகிறார்கள். வீட்டுக்குள் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதும், அது பழகிப்போனதாகையால் கண்ணில் படுவதில்லை என்பதும் இவர்களுடைய தர்க்கத்தில் இடம்பெறுவதே இல்லை.

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. குளிர்கால வெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்குமென்று அவர்களில் சிலர் உற்சாகமாகச் சொல்கிறார்கள். ஆஸ்லோ நகரம் 60ஆவது அட்சரேகையை ஒட்டியது. டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்புவதில்லை. அந்தச் சத்தைத் தோலில் உண்டாக்கும் கதிர்கள் காற்றுமண்டலத்திலேயே தேய்ந்துபோகின்றன. போதாக்குறைக்குக் குழந்தையின் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கிறது. அதனால்தான் அந்நாட்டுத் தாய்மார்கள் காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு குழந்தையைத் துரத்துகிறார்கள். வெளியே கிடைப்பது வெறும் வெளிச்சம். அது அற்பமானதன்று: மேகம் மூடிய பகலில்கூட விளக்கெரியும் அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் வெளியே இருக்கிறது, பகலில் வெளியே கூடுதல் நேரம் கழிக்கும் சிறுவர்களுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறதென்று சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான சோதனையும் காட்டியிருக்கிறது. கையில் நல்ல வாதம் இருக்கும்போது போலி வாதத்தை எடுத்துக்கொண்டு போவது ஏன் என்பதே எனக்கு விளங்கவில்லை.

இனி இரண்டாவது ஆக்ஷேபம், கனமானதும் இதுவே. 70 கிலோ எடையுள்ள மனிதனுக்குத் தோலின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர்; 14 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குச் சுமார் 0.6. எடைக்கு ஏற்ப வகுத்துப் பார்த்தால், உஷ்ணம் வெளியேறுவதற்கு இருக்கும் பரப்பு குழந்தைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. உடம்பை நோக்கத் தலை பெரிது. குளிர்கிறதென்று உரிய வேளையில் சொல்லவும் அதற்குத் தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் விரல் மரத்துப்போனது தெரியாமலே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நிற்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் உஷ்ணம் வெளியேறுவதை இத்தனை சிரத்தையோடு கணக்கிட்டவர்கள், உஷ்ணம் பிறப்பதைக் கணக்கிட மறந்துவிட்டார்கள். ஓடியும் விழுந்தும் எழுந்தும் மேடேறியும் திரியும் குழந்தை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது; அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை உண்டாக்குவது சொற்பம். ஆகவே வேற்றுமை குளிருக்கும் குழந்தைக்கும் இடையே இல்லை. அசையும் குழந்தைக்கும் அசையாத குழந்தைக்கும் இடையேதான் இருக்கிறது. நிகழும் விபத்துகளிற் பெரும்பாலானவற்றின் வித்து இங்கேதான் கிடக்கிறது.

நார்வேயில் புல்க் என்று ஒரு சறுக்குவண்டி உண்டு. தகப்பன் ஸ்கீ கட்டையில் சறுக்கிக்கொண்டு இடுப்பில் கட்டி இழுக்க, குழந்தை அதில் கால் நீட்டிச் சாய்ந்திருக்கும். இழுப்பவனுக்கு வியர்க்கும், இருப்பவனுக்கு விறைக்கும். மெல்லிய சட்டையோடு வியர்த்துக் கொட்டும் அவன், தன் உடம்பை வைத்து இன்றைக்குக் குளிர் அதிகமில்லை என்று தீர்மானித்துவிட்டால், பின்னால் இருப்பவனின் நிலைமை என்னவாகும்? இதை அறிந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை, ஆஸ்லோவின் வடக்கே சுரங்க ரயில் போய் முடியும் ஸோங்ன்ஸ்வான் ஏரிக்கரையில் ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் தெரியும். ஒரு தாய் வண்டியை நிறுத்துகிறாள். தன் கையுறையைக் கழற்றிவிட்டு, குழந்தையின் கழுத்துப்பட்டிக்குள்ளே விரலை நுழைத்துப் பிடரியைத் தொட்டுப் பார்க்கிறாள். கையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. உடல் சூடாயிருக்கும்போதும் கை சில்லென்றிருக்கும், அதை நம்புவதற்கில்லை. பிடரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி; ஈரமாக இருந்தால் ஓர் உடுப்பு அதிகம்; குளிர்ந்திருந்தால் குழந்தையைக் கீழே இறக்கி, பக்கத்து மேட்டில் இரண்டு மூன்று தடவை ஏறி உருளவிட்டு, சுடுகுப்பியிலிருந்து கோக்கோ ஊற்றிக் கொடுத்து, கன்னம் சிவந்த பிறகே மீண்டும் உட்காரவைக்கிறாள். கன்னத்தில் காசளவு வெண்புள்ளி ஒன்று தென்பட்டால், அது தோல் உறையத் தொடங்குவதன் முதற்குறி என்று அறிந்து, தேய்க்காமல், தன் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நிறம் திரும்பும்வரை நிற்கிறாள். வெளியே போகலாமா கூடாதா என்று வெப்பமானியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த ஐந்து நிமிஷத்தைப் பார்த்திருப்பார்களோ என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

வெப்பமானியை நான் இகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது, தெரியாததை அதன் தலையில் ஏற்றியவர்கள் நாம். அது அறியாதவற்றுள் முதலாவது காற்று. அண்டார்டிகாவில் ஸைப்பிள், பாஸெல் என்னும் இருவர், சிறு குப்பியில் அடைத்த நீர் காற்றில் எவ்வளவு விரைவாக உறைகிறது என்று அளந்து தொடங்கிவைத்த கணக்கு, 2001இல் திருத்தப்பட்டு இன்று வழங்குகிறது. அதன்படி, சைபருக்குக் கீழே 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்த தோலுக்கு அது 18 டிகிரிக் குளிராகப் படும். 20 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்றென்றால் 33 டிகிரி. இந்த இரண்டாவது நிலையில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் உறைந்துவிடக்கூடும். மரங்கள் நெருங்கி நிற்கும் ஸ்ப்ரூஸ் காட்டுக்குள்ளும், நூறு அடி மேலே வெட்டவெளியான முகட்டிலும் வெப்பமானி ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். குழந்தைக்கோ ஒன்று விளையாட்டுத் திடல், மற்றொன்று அபாயம்.

இதனாலேயே, கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடைதான் உண்டு என்று நார்வேஜியர்கள் பழமொழிபோல் சொல்லிச் சொல்லி மகிழும் வாக்கியத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்பதற்கு இனிது, உண்மையன்று. முகட்டுக் காற்றில் மூன்று வயதுக் குழந்தைக்குப் போதிய உடை எந்தக் கடையிலும் விற்பதில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களே, தங்கள் மழலைப் பள்ளிகள் பலவற்றில், சைபருக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டினால் தவழும் பருவத்துக் குழந்தைகளை நெடுநேரம் வெளியே வைத்திருப்பதில்லை. செயல் சொல்லைவிட விவேகமாயிருப்பது குறித்து நாம் மகிழ வேண்டியதுதான். உடையின் மகிமையை மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, உடம்போடு ஒட்டப் பருத்திப் பனியனைப் போட்டு, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டரைத் திணித்து, இரண்டு ஜோடி காலுறையோடு காலை ஒரு பூட்ஸுக்குள் இறுக்கி அனுப்புகிறார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரத்தைத் தோலோடு ஒட்டிவைக்கிறது. இறுகிய பூட்ஸ் இரத்தம் ஓடும் வழியை அடைக்கிறது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியும், விரல்கள் தாராளமாக அசையும்படி ஓர் அளவு பெரிய பூட்ஸும், விரல் பிரியாத கையுறையும், அது நனைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு ஜோடியும் இருந்தால் கோட்டின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முகத்தில் எண்ணெயோ களிம்போ பூசிவிட்டால் குளிர் தாக்காது என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. பின்லாந்தில் ராணுவப் பயிற்சி இளைஞர்களிடையே ஆராய்ந்தபோது, களிம்பு காப்பாற்றவில்லை, பூசியவர்களுக்கே உறைபுண் அதிகம் என்று தெரியவந்தது. காவல் இருக்கிறதென்ற தைரியம் அஜாக்கிரதையாக முடிந்தது போலும்.

எதிர்க்கட்சியார் சிலர் இதெல்லாம் சௌகரியமுள்ளவர்களின் நவீன வேடிக்கை என்று பரிகசிப்பதும் உண்டு. நகரவாசிகள் ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதற்கு முன்பே, கலைமான் மந்தையோடு இடம்பெயர்ந்த ஸாமி இனத்தார், மரமும் தோலும் கொண்டு செய்த தொட்டிலில் பாசியைப் பரப்பிச் சிசுவைப் பொதிந்து, பனிவெளியைக் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வாழும் காராஷோக் பிரதேசத்தில்தான் 1886 ஜனவரி முதல் தேதி சைபருக்குக் கீழே 51.4 டிகிரி பதிவாயிற்று. நார்வேயில் அதைவிடக் குளிர் இதுவரை பதிவானதில்லை. கனடாவின் வடகோடியிலுள்ள இனுயிட் தாய், முதுகுப்புறம் விசாலமாகத் தைத்த அங்கிக்குள், தன் முதுகின் தோலோடு குழந்தையின் தோல் படும்படி அதைச் சுமக்கிறாள். அவர்களுக்கு வேறு கதியில்லை, நமக்கு உண்டே என்பார்கள். சரி, அவர்கள் செய்தார்கள், ஆகையால் குளிர் தீங்கற்றது என்று நான் முடிவு கட்டவில்லை. வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அசையாத குழந்தைக்குத் தன் சூடு போதாது, பிறர் சூட்டைக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தாய் அறிந்திருக்கிறாள். அலுமினியச் சட்டம் பூட்டிய முதுகுப்பையில், தகப்பனுடைய உடம்போடு ஒட்டாமல், தொடையை வார் அழுத்த, கால்கள் இரண்டும் கீழே தொங்க, ஒரு மணி நேரம் குழந்தையைச் சுமந்து போகும்படி செய்த நவீன சாதனம் அதை மறந்துவிட்டது. அந்தப் பையைக் குளிர்காலத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள் என்று எதிர்க்கட்சியார் சொன்னால், முதல் ஆளாக நான் கைதூக்குவேன். அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறார்கள். இன்னதுதான் அபாயம் என்று பிரித்துச் சொல்லாத எச்சரிக்கையைக் கேட்டவன், அபாயமானதையும் அபாயமற்றதையும் சேர்த்தே அலட்சியம் செய்யப் பழகிவிடுகிறான்.

மலையில் மடிந்தவர்களின் கதைகளைச் சொல்லி அச்சுறுத்துவதும் அவர்களுடைய யுக்திகளில் ஒன்று. அந்தக் கதைகள் உண்மையானவையே. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் மாண்டனர். அதன் பின்னரே, மலையில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைச் செஞ்சிலுவைச் சங்கமும் 1868இல் நிறுவப்பட்ட நார்வேப் பிரயாணச் சங்கமும் நாடெங்கும் தீவிரமாகப் பரப்பின. அம்முறைகளுள் ஒன்று, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் அவமானமில்லை என்கிறது. குழந்தைகள் பிரயாணத்தில் தின்னும் க்விக் லுன்ஷ் என்ற சாக்லேட்டின் உறையின் உட்புறத்தில்கூட இந்த முறைகளை அச்சிட்டு விற்கிறார்கள். கவனிக்க வேண்டியது, அந்தத் தேசத்தார் துக்கத்திலிருந்து பெற்ற பாடம் மலைக்குப் போகாதே என்பதன்று என்பதே. குழந்தையோடு போகிறவனுக்கு இந்த முறை பெரியவனுக்குப் பொருந்துவதைவிட நூறு மடங்கு பொருந்தும்; ஏனெனில் அவனுக்குச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கவே கூடாது. உச்சியை உத்தேசித்துப் புறப்பட்டவன், இன்னும் அரை மணி நேரந்தானே என்று அழும் குழந்தையை இழுத்துக்கொண்டு போவான். கிளம்பிய இடத்தைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவனுக்கு அந்தச் சபலமே எழாது.

இங்கே மூன்றாவது ஆக்ஷேபத்துக்கு வந்துவிட்டோம். பெற்றோரின் வீம்பு என்கிறார்கள். முகட்டின் மேல் குழந்தையை நிறுத்திப் படம் பிடித்து, உறவினருக்கெல்லாம் அனுப்புவதற்காகவே மலையேறும் தகப்பன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. எனினும் அதோடு சேர்த்து, இந்த வயதில் கண்டது எதுவும் குழந்தைக்கு நினைவிருக்கப் போவதில்லை, பிறகு எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பது விபரீதமான கேள்வி. நினைவில் நில்லாதது வீண் என்றால், தாலாட்டு வீண், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது வீண், நிலாச்சோறு வீண். பத்து வயதாகட்டும், பிறகு அழைத்துப் போகலாம் என்று காத்திருந்தவர்களை நான் அறிவேன். பத்து வயதில் அந்தப் பிள்ளை வெளியே வர மறுக்கிறது. வீட்டிலே ஒன்பது வருஷமாகக் கேட்டுவந்த பாடத்தையே அது திருப்பிச் சொல்கிறது. வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளெல்லாம் ஸ்கீ கட்டையில் பறக்கும் நாளில், நம் பிள்ளை பாதையோரம் விறைத்து நின்றுகொண்டு அதைத் தன்மானப் பிரச்சினையாக்கிக்கொள்கிறது. கட்டை வாங்கப் பணமில்லை என்று சொல்வதற்கும் நார்வேயில் இடமில்லை. இலவசமாக இரவல் தரும் நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன.

குழந்தையின் ஆசை என்ன என்று நிஜமாகவே கேட்டுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். அதற்கு நடக்கப் பிடிக்காது. பனியைத் தோண்டப் பிடிக்கும். முயல் குதித்துப் போன தடத்தைப் புதர்வரை தொடர்ந்து போய், அங்கே முயல் இல்லை என்று கண்டு, திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கப் பிடிக்கும். கிளையை உலுக்கித் தன் தலையிலும் தகப்பன் தலையிலும் பனியைக் கொட்டிக்கொள்ளப் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, கோக்கோ குடிக்கும் நேரம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கும். அதன் போக்கிலே விட்டால் ஒரு மணி நேரத்தில் அரை மைல்கூடக் கடந்திருக்காது. உடம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். இதற்குப் போய் மலைநடை என்றும் வனப்பிரயாணம் என்றும் பெயர் வைப்பது தகுமா என்று யாராவது ஆக்ஷேபித்தால், அந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு வழக்கில்லை.